ஊழியர் குழுக்களும் உத்தியோகசாலைத் தர்மமும்

நகலெடுக்கும் காரியத்துக்கே தன் பெயரை நம் கடைவீதிகளில் நிலைக்கச் செய்துவிட்ட ஜெராக்ஸ் கம்பெனி, நியூயார்க் மாகாணத்து ராச்சஸ்டர் நகரில் வளர்ந்தது. அந்நகரில் 1964 ஜூலையில் மூண்ட இனக் கலவரம், கறுப்பின மக்கள் வேலையின்றி வாடிய அவலத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, கம்பெனித் தலைவர் ஜோசப் வில்சன் அம்மக்களை வேலைக்குச் சேர்ப்பதில் விசேஷ சிரத்தை கொண்டார். உள்ளே வந்தவர்கள், அங்கும் பாரபட்சம் தொடர்வதைக் கண்டு, அதை எதிர்க்க 1970-ல் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகளில் இன்று பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோர் நடத்திவரும் ஊழியர் குழுக்களுக்கு அதுவே முன்னோடி என்பர்.

உத்தியோகசாலைத் தர்மமோ அதற்கும் மூத்தது. ஊழியர் தாம் படித்த கல்லூரிக்குக் கொடுக்கும் தொகைக்கு ஈடான தொகையைத் தானும் கொடுக்கும் ஏற்பாட்டை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் அறக்கட்டளை 1954-லேயே தொடங்கியது. ஜெராக்ஸ் 1971-ல், சமூக சேவை செய்ய விரும்பும் ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் ஓராண்டு வரை விடுப்பு அளிக்க முன்வந்தது.

பணமும் நேரமும் இவ்வாறு கிடைத்தபின்னும், எவருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நிர்வாகம் நல்லெண்ணத்தோடு ஒரு பள்ளிக்குச் சக்கர நாற்காலிகளை அனுப்பலாம். ஆனால் அப்பள்ளியின் வாசலில் படிகள் மட்டுமே இருந்து, சாய்தளம் இல்லையென்றால் அந்த நாற்காலிகளால் என்ன பிரயோஜனம் என்பதை, நாள்தோறும் அத்தகைய படிகளின் முன் நின்று பழகிய ஊழியரே முதலில் கேட்பார். ராணுவத்திலிருந்து விலகி வந்தவனுக்கு முதலில் வேண்டுவது உதவித்தொகையா, வேலை விண்ணப்பம் எழுதப் பக்கத்தில் அமர்ந்து உதவும் ஒருவரா என்பது, அவ்வழியே முன்பு நடந்து வந்தவனுக்கே தெரியும். இந்த அனுபவ ஞானமே ஊழியர் குழுவின் மூலதனம்.

ஆகவே, சுவரொட்டி ஒட்டவும் கூட்டம் சேர்க்கவும் மட்டும் குழுவை அழைப்பது போதாது என்பதே என் அபிப்பிராயம். நன்கொடை நிதியில் ஒரு பங்கை எவருக்கு அளிப்பதென்று தீர்மானிக்கும் உரிமையையும், சேவைக்குரிய நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்கும் சலுகையையும் குழுவுக்கு நிர்வாகம் தர வேண்டும். இல்லாவிட்டால், ஏற்கெனவே பாரபட்சத்தைச் சுமப்பவர்கள் தலையில் கூலியில்லாத மற்றொரு பாரமும் ஏறும். மேலதிகாரி நன்கொடைப் பட்டியலோடு மேஜையருகே வந்து நிற்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். நிர்ப்பந்தத்தால் கொடுப்பது தானமாகாது.

அடுத்த ஆண்டின் நன்கொடைப் பட்டியலை எழுத உட்காருமுன், நிர்வாகிகள் தங்கள் ஊழியர் குழுக்களை அழைத்து ஒரு மணி நேரம் பேசக் கேட்பார்களாக.