முதல் மூன்று முயல்கள்

2012ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துமுடித்து நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிளிநொச்சிப் பக்கம் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், கணவனைப் போரில் இழந்த அக்கா ஒருவர் வாழ்வாதார உதவிப் பணத்தில் ஆறு முயல்கள் வாங்கினார். வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். வெள்ளை வெளேரென்று இருந்தன. பிள்ளைகள் ஆசைப்பட்டவற்றையே பிடித்து உரப்பையில் போட்டுக்கொண்டு வந்தோம். இரண்டு தும்மிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஆனால் அது நோயென்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மாதத்தில் ஐந்து செத்துப்போயின. "என்ர கைராசி அப்பிடித்தான் பிள்ளை. நான் தொட்டது ஒண்டும் நிலைக்கிறேல்லை" என்றார் அந்த அக்கா.

அது அவருடைய கைராசியல்ல. எங்கள் இருவருடைய அறியாமை. இழப்புக்கு மேல் இழப்பைக் கண்ட பெண்கள் எல்லாவற்றையும் தங்கள் விதியென்று ஏற்றுக்கொள்கிறார்கள். உதவிப் பணமோ ஒரு முறைதான் கிடைக்கிறது. எனவே வாங்கும் நாளிலேயே கவனமாக இருக்கவேண்டும். அதன் பின்னர் கால்நடை வைத்தியர்களிடமும் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களிடமும் கேட்டறிந்தவற்றை உங்களுக்குத் தருகிறேன்.

எத்தனை வாங்குவது?

இரண்டு பெண், ஓர் ஆண் போதும். ஓர் ஆண் முயல் எட்டுப் பத்துப் பெண் முயல்களுக்குப் போதுமானது. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஓர் ஈற்றில் 5 முதல் 8 குட்டிகள் வரை போடும். ஆகவே எண்ணிக்கை தானாகவே பெருகும். ஆறு நோஞ்சான்களை விட மூன்று நல்லவை மேல்.

ஆணும் பெண்ணும் ஒரு தாய்க் குட்டிகளாக இருக்கக்கூடாது. முடிந்தால் ஆணை வேறொரு வீட்டில் வாங்குங்கள். பால்குடி மறந்த கையோடு விற்கும் குட்டிகளை வாங்கவேண்டாம். மூன்று மாதம் கடந்தவை நல்லவை. நியூசிலாந்து வெள்ளை இனம் நல்ல பராமரிப்பில் அந்த வயதில் 2 கிலோ அளவு வரும். பற்றையில் பிடிபடும் காட்டுமுயல் குட்டியைக் கொண்டு தொடங்க நினைக்காதீர்கள். அது வேறு இனம். வீட்டு முயலுடன் சேர்ந்து குட்டி போடாது.

கையில் எடுத்துப் பாருங்கள்

வெயில் ஏறமுன் காலையில் போங்கள். முதலில் முயலைப் பார்க்காமல் கூட்டின் அடியைப் பாருங்கள். புழுக்கை உருண்டையாக, காய்ந்து இருக்கவேண்டும். தண்ணீராகக் கழிந்திருந்தால் அந்தக் கூட்டில் ஒன்றும் எடுக்கவேண்டாம். அதே வீட்டில் பல முயல்கள் தும்மினால், தும்மாத முயலையும் வாங்காதீர்கள். அதுவும் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். காதில் பிடித்துத் தூக்கக்கூடாது. பிடரித் தோலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள்.

மூக்கு உலர்ந்திருக்க வேண்டும். சளி பிடித்த முயல் முன்னங்கால்களால் மூக்கைத் துடைக்கும். விற்பவர் மூக்கைத் துடைத்துவிட்டாலும் முன்னங்காலின் உட்புற மயிர் ஒட்டிப்போய் இருப்பது காட்டிக்கொடுக்கும். நாங்கள் அன்று பார்க்காமல் விட்டது இதைத்தான்.

கண் தெளிவாக இருக்கவேண்டும். காதுக்குள் பொருக்குப் படிந்திருந்தால் அது சொறிப்பூச்சி. மற்றவற்றுக்கும் தொற்றும்.

உதட்டை மெல்ல விலக்கிப் பல்லைப் பாருங்கள். மேற்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் படியவேண்டும். முயலின் பல் சாகும்வரை வளர்வது. பல் பொருந்தாவிட்டால் தேயாமல் நீண்டு, தின்ன முடியாமல் போய்விடும். இந்தக் குறை பரம்பரையாகவும் வருவதால் அப்படியான முயலை இனப்பெருக்கத்துக்கு எடுக்கவே கூடாது.

பாதத்தின் அடியில் புண் இருக்கக்கூடாது. முதுகெலும்பு கையில் குத்தக்கூடாது. வாலுக்குக் கீழே சுத்தமாக இருக்கவேண்டும். பெண் முயலுக்குக் குறைந்தது எட்டு முலைக்காம்புகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஆணா பெண்ணா என்பதை விற்பவரைக் கொண்டே காட்டச்சொல்லி உறுதிப்படுத்துங்கள். இரண்டு ஆணை வாங்கிவந்து மாதக்கணக்கில் குட்டிக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு.

வீட்டுக்கு வந்த பின்

முயல் வெப்பத்தைத் தாங்காது. காற்றுப்போகும் பெட்டியில் கொண்டுவாருங்கள். தகரக் கூரையின் கீழ் விடாமல் வேப்பமர நிழலில், கிடுகு வேய்ந்த கொட்டிலில் கூட்டை வையுங்கள். கடும் வெப்பம் ஆண் முயலின் இனவிருத்தித் திறனையும் குறைக்கும்.

விற்றவர் கொடுத்த தீனியில் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். புதுத் தீனியைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். தீனியைத் திடீரென மாற்றினால் வயிறு கழியும். முன்பே முயல்கள் இருந்தால் புதியவற்றைக் குறைந்தது இரண்டு வாரம் தள்ளி வைத்து, பழையவற்றுக்குத் தீனி போட்ட பின்னரே இவற்றைக் கவனியுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பெண் முயலுக்கு ஆறு மாதமாகும்வரை பொறுங்கள். இணைசேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். மாறிச் செய்தால் பெண் முயல் தன் இடத்தைக் காக்கச் சண்டைக்கு நிற்கும்.

சகோதரிகளே, குறை கண்டால் வாங்காமல் திரும்பி வரத் தயங்காதீர்கள். "இவ்வளவு தூரம் வந்திட்டம்" என்ற எண்ணமும், விற்பவரின் முகத்துக்கு அஞ்சுவதும்தான் நம்மை நட்டப்படுத்துகின்றன. உதவி வழங்குபவர்கள் மொத்தமாக வாங்கிக்கொடுத்தாலும், உங்கள் முயலை நீங்களே பார்த்து எடுக்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அந்த அக்கா அடுத்த வருடம் சீட்டுக்காசில் மீண்டும் தொடங்கினார். முதல் வீட்டில் ஒன்றும் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் வீட்டில் ஒவ்வொன்றின் காலையும் பல்லையும் பார்த்து மூன்றை எடுத்தார். முதல் ஈற்றில் ஆறு குட்டிகள் வந்தபோது, "இது கைராசியில்லைப் பிள்ளை, கண்பார்வை" என்று சொல்லிச் சிரித்தார்.