உங்களுக்குத் தெரியுமா? தாலியும் தாளும்

பெராக்கின் லகாட்டில் ஈயம் எடுத்த காலத்திலும், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவிய காலத்திலும், இன்னார் மனைவி இன்னார் என்பதற்கு லயமே சாட்சி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தாமான்கள் எழும்பி, அந்தச் சாட்சிகள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். இனி குடும்பத்துக்காகப் பேச வேண்டியது தாள். மலேசியாவின் முஸ்லிம் அல்லாதார் குடும்பச் சட்டத்தில் நம் வீட்டுக்குள் நுழையும் சில செய்திகள் இங்கே.

பாட்டியின் தாலி, பேத்தியின் தாலி

முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கான சட்டம் 1976-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-இல். அதற்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் வழக்கப்படி நடந்த திருமணம், எந்தச் சான்றிதழும் இல்லாவிட்டாலும், பதிவானதாகவே கருதப்படும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததற்கு இந்தச் சலுகை இல்லை. பதிவதிகாரியோ, துணைப் பதிவாளராக நியமனம் பெற்ற கோவில் பொறுப்பாளரோ முன்னின்று, இரண்டு சாட்சிகளோடு நடத்தியிருக்க வேண்டும். மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தாலும் அது கணக்கில் வராது.

தமிழ்நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது

பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு திருமணம் செல்லாமல் போகாது என்கிறது இந்தியாவின் இந்து திருமணச் சட்டம். அண்ணா ஆட்சியில் வந்த 1967 திருத்தத்தால் தமிழ்நாட்டில் ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும். "ஊரில் அப்படித்தானே" என்று அந்த வழக்கத்தை இங்கே பேசுகிறவர்கள் உண்டு. மலேசியாவில் சடங்கு எப்படி நடந்தாலும் பதிவு இல்லாமல் முடியாது.

சின்ன வீட்டுக்குச் சட்டம் வைத்த பூட்டு

1982 வரை இந்து, சீன வழக்கப்படி ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணந்துகொள்ள முடிந்தது. நீதிபதி ஓங் ஹொக் தை தலைமையிலான அரச ஆணையத்தின் பரிந்துரைகளுக்குப் பிறகு வந்த சட்டம், ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கியது. முதல் திருமணம் நிலுவையில் இருக்கும்போது செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது. அதோடு அது குற்றவியல் சட்டப்படி குற்றமும்கூட.

தாய்மாமனுக்குத் தனி வரி

நெருங்கிய உறவுக்குள் திருமணம் கூடாது என்று பட்டியல் போடும் அதே 11-ஆம் பிரிவு, இந்துக்களுக்கு ஒரு விலக்கும் தருகிறது: வழக்கம் அனுமதித்தால் அக்காள் மகளை மணக்கலாம், அதாவது தாய்மாமனை மணக்கலாம். சீர் கொண்டுவரும் மாமனைக் கோலாலம்பூர் நாடாளுமன்றமும் மறக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முன் 21 நாள்

திருமண அறிவிப்பு பொதுமக்கள் பார்வைக்கு 21 நாள் வைக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் தெரிவிக்கலாம். ஐயரிடம் நாள் குறிக்கும்போதே தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன் பக்கமும் ஒரு நடை போய் வருவது நல்லது. 21 வயது நிறையாதவருக்குத் தகப்பனாரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். திருமண வயது 18. ஆனாலும் 16 நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி பெசார் உரிமம் தர இடம்கொடுக்கும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது.

அப்பா பெயர் இல்லாத பிறப்புப் பத்திரம்

திருமணம் பதிவாகவில்லை என்றால், பிறக்கும் பிள்ளை சட்டத்தின் பார்வையில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. தாயும், தகப்பன் தானே என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஏறும். அதைவிடப் பெரிய சிக்கல் குடியுரிமை. இப்படிப் பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயைத்தான் பின்தொடர வேண்டும். தாய் வெளிநாட்டவர் என்றால், தகப்பன் நீல ஐசி வைத்திருந்தும் பயனில்லை. பின்னால் திருமணத்தைப் பதிந்தால் பிள்ளைக்குச் சட்டபூர்வ அந்தஸ்து கிடைக்கலாம்; குடியுரிமை தானாக வந்துவிடாது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் இப்படித்தான் ஒரு வழக்கில் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் முடிவு சொன்னது. அதில் பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்தது. பெற்றோர் அதற்குப் பிறகுதான் மலேசியாவில் திருமணத்தைப் பதிந்தார்கள்.

அம்மாவின் கடப்பிதழும் எண்ணப்படும்

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தன் குடியுரிமையைத் தரும் உரிமை மலேசியத் தகப்பனுக்கு மட்டுமே இருந்தது. தாய்க்கும் அது உண்டு என்று அரசமைப்பைத் திருத்தும் மசோதா 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வாழப்போன பெராக் பெண்களுக்கு இது பெரிய செய்தி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம் பின்னோக்கிப் பாயாது.

எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் பங்கு உண்டா?

தங்கச்சி பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது தோட்டத்தில் சாதாரணம். தத்தெடுக்க மலேசியாவில் இரண்டு வழிகள். இரண்டுக்கும் 1952-ஆம் ஆண்டுச் சட்டங்கள். இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு ஜேபிஎன்னில் பதிந்துகொள்வது ஒன்று. நீதிமன்றத்தில் ஆணை வாங்குவது மற்றொன்று. முதல் வழி எளிது. ஆனால் உயில் எழுதாமல் வளர்த்தவர் இறந்தால், அந்தப் பிள்ளைக்குச் சொத்தில் வாரிசுரிமை இல்லை. நீதிமன்ற ஆணை பெற்ற பிள்ளைக்கு, பெற்ற பிள்ளைக்கு உள்ள அதே பங்கு. பதிந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் எந்தச் சட்டப்படி பதிந்தோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

வக்கீல் வரக்கூடாத இடம்

கணவன் மனைவி இருவரும் ஒத்துப்போய்க் கூட்டு மனு போட்டால் விவாகரத்து சுலபம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் ஜேபிஎன் நடத்தும் சமரசக் குழுவிடம் போக வேண்டும். அது ஆறு மாதத்துக்குள் பேசி முடிக்கப் பார்க்கும். அங்கே வக்கீல் ஆஜராக முடியாது, குடும்பத்தார் பேசலாம். இன்னொன்று: மணமாகி இரண்டு ஆண்டு ஆகாமல், விதிவிலக்கான கஷ்டம் என்று காட்டினால் தவிர, விவாகரத்து மனுவே போட முடியாது.

சமைத்த கைக்கும் பங்கு

வீட்டு லோன் கட்டியது கணவன். மனைவி வீட்டோடு இருந்து பிள்ளை வளர்த்தாள். விவாகரத்தின்போது வீட்டில் அவளுக்கு என்ன? 2018 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கணக்கை மாற்றியது. யார் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று பிரித்துப் பார்த்த பழைய முறை போய், திருமண காலத்தில் சேர்ந்த சொத்து முழுவதும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறது. வீட்டைக் கவனித்ததும் பங்களிப்பே. சமமாகப் பிரிக்கும் பக்கமே நீதிமன்றம் சாய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

18-ஓடு முடிந்ததா அப்பாவின் கடமை?

முன்பு முடிந்தது. பல்கலைக்கழகப் படிப்புக்காக 18-க்குப் பிறகும் ஜீவனாம்சத்தை நீட்டிக்க முடியாது என்று, ஒரு தமிழ்த் தம்பதியின் வழக்கில் 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஸ்பிஎம் முடித்த கையோடு பிள்ளையின் செலவு தாயின் தலையில் விழுந்தது. அதே 2018 திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது. மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ முடியும்வரை நீதிமன்றம் பணம் கட்டச் சொல்லலாம்.

பள்ளியில் கையெழுத்துப் போட அம்மா போதும்

பிள்ளைக்குச் சட்டப்படியான பாதுகாவலர் அப்பா என்றிருந்த நிலை 1999 அக்டோபரில் மாறியது. தாய்க்கும் சம உரிமை வந்தது. பிரிந்த பெற்றோரிடையே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். அப்பா ஆதாரம் காட்டி அதை மாற்றலாம்.

நாட்டையே மாற்றிய ஈப்போ வழக்கு

ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் கணவர் 2009-இல் இஸ்லாத்தைத் தழுவி, மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிச் சான்றிதழ் வாங்கினார். 11 மாதக் கைக்குழந்தையையும் எடுத்துச் சென்றார். பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையை ஈப்போ உயர்நீதிமன்றம் தாய்க்குக் கொடுத்தது. 2013-இல் நீதிபதி லீ ஸ்வீ செங் மதமாற்றச் சான்றிதழ்களையும் ரத்து செய்தார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் தாயின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி. பெற்றோர் இருவரும் இருந்தால் இருவரின் சம்மதமும் வேண்டும் என்பது ஒரு காரணம். பெராக் மாநிலத்தின் 2004 சட்டம் கேட்கும் உறுதிமொழியைப் பிள்ளைகள் சொல்லவே இல்லை என்பது மற்றொன்று.

இதில் ஒரு முரண். ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைத் தடுக்கும் பிரிவு 2016 திருத்த மசோதாவில் சேர்க்கப்பட்டு, 2017-இல் கைவிடப்பட்டது. நாடாளுமன்றம் தயங்கியதைச் சில மாதங்களில் நீதிமன்றம் செய்து முடித்தது. பெர்லிஸில் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்ட ஒரு தாயின் வழக்கிலும் 2024-இல் இதே வழி உறுதியானது. இந்திராவுக்குக் கிடைத்தது தீர்ப்பு மட்டுமே. கடைசி மகளை மீட்க அவர் இன்னும் அலைகிறார்.

மதம் மாறியவருக்கும் கதவு திறந்தது

முன்பு கணவனோ மனைவியோ இஸ்லாத்துக்கு மாறினால், மாறாதவர் மட்டுமே விவாகரத்து கேட்க முடிந்தது. அதே 2018 திருத்தத்தின்படி இப்போது இருவரில் யாரும் கேட்கலாம். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விவாகரத்துக்கு முன் மதம் மாறியவர் இறந்தால், அவர் சொத்தில் முஸ்லிம் அல்லாத துணையும் பிள்ளைகளும் பெற்றோரும் நீதிமன்றத்தில் பங்கு கேட்கலாம். எவரெஸ்ட் வீரர் மூர்த்தி 2005-இல் இறந்தபோது, அவர் முஸ்லிம் என்ற ஷரியா நீதிமன்ற முடிவில் தலையிட முடியாது என்று உயர்நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. மனைவி காளியம்மாள் வெறுங்கையோடு நின்றார். அந்த நாளை நினைப்பவர்களுக்குத்தான் இந்தத் திருத்தத்தின் அருமை புரியும்.

உயில் இல்லாத வீட்டில் யாருக்கு எவ்வளவு?

1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தில் மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. துணை, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் துணைக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. 1982 மார்ச்சுக்குப் பிறகு தாலி மட்டும் கட்டிய மனைவிக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

கல்யாணம் உயிலைக் கொல்லும்

திருமணத்துக்கு முன் எழுதிய உயில், அந்தத் திருமணத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்தால் ஒழிய, சட்டப்படி மணமான அன்றே செல்லாமல் போகும். விவாகரத்து உயிலைத் தொடாது. பிரிந்துபோன மனைவி பெயரில் உயிலை விட்டுவைத்தால் வீடு அவருக்கே போகும்.

நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. 2018 முதல் சமூகநலத்துறை அதிகாரியே ஏழு நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். வார இறுதி, நள்ளிரவு என்ற தடை இல்லை. தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999.

பிரிய வேண்டாம், செலவுக்கு வேண்டும்

விவாகரத்து கேட்காமலேயே கணவனிடம் ஜீவனாம்சம் கேட்க 1950-இலேயே தனிச் சட்டம் உண்டு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்காகவும் தாய் அதில் கேட்கலாம்.

பணம் இல்லை என்பது பதில் இல்லை

குறைந்த வருமானக்காரர்களின் குடும்ப வழக்குகளை எடுத்து நடத்த அரசின் சட்ட உதவித் துறை இருக்கிறது. போகும்போது ஐசி, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். இவற்றில் திருமணச் சான்றிதழ் மட்டும் இல்லை என்றால், இருவரும் ஒன்றாக இருக்கும்போதே ஜேபிஎன்னுக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். ஒருவர் இறந்த பிறகு அந்தத் தாளை எந்த அலுவலகமும் தராது.