கூட்டம் தோசைக்கா, சட்னிக்கா?

பெங்களூரில் நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்று நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு தோசையை விட்டுச் சட்னிக்குப் போய்விடும். "அந்த ஓட்டல் இப்போது முன்போல் இல்லை, சட்னியில் தேங்காயையே காணோம்" என்பார் ஒருவர். "சாம்பாரில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள்" என்பார் இன்னொருவர். "எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவாரே, அந்தப் பெரியவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா?" என்று விசாரிப்பார் மூன்றாமவர். தோசையைப் பற்றி யாருக்கும் புகார் இருக்காது!

இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஓட்டலுக்குப் பெயர் வாங்கித் தருவது தோசையாக இருக்கலாம். அந்தப் பெயரைக் காப்பாற்றுவது, தனியாகக் காசு வாங்காமல் பக்கத்தில் வைக்கிற சட்னியும் சாம்பாரும் பொடியும்தான். தரம் இறங்கும்போது முதலில் இறங்குவதும் அவைதான். தோசையைச் சிறிதாக்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டினால் நாக்குக்கு மட்டுமே தெரியும்.

வெல்லம் போட்ட சண்டை

1809-இல் ஆங்கிலேயரின் ராணுவத் தண்டு அமைந்த நாளிலிருந்தே தமிழர்கள் பெங்களூருக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பின்னி மில் ஒரு கூட்டத்தை அழைத்தது. 1940-க்குப் பின் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த தொழிற்சாலைகள் மேலும் பல ஆயிரம் பேரை அழைத்தன. கல்யாணமாகாத இளைஞர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஓர் அறைக்கு நாலு பேராகத் தங்கினார்கள். அவர்களுக்குத் தாய்வீட்டுச் சமையலறையாக இருந்தது தெருமுனை உடுப்பி ஓட்டல்.

சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் இரண்டு இட்லிக்குத்தான் கையில் காசு இருக்கும். வயிற்றை நிரப்புவது சட்னி வாளியின் பொறுப்பு. "ஸ்வல்ப சட்னி கொடி" என்பது பல தமிழர்கள் இந்த ஊரில் கற்றுக்கொண்ட முதல் கன்னட வாக்கியமாக இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அது முடிந்ததும் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிற 'பை-டூ'. இரண்டு பேருடைய காலைப்பொழுது கழிந்துவிடும்.

ஆனால் சாம்பார் விஷயத்தில் மட்டும் சமாதானம் ஏற்படவில்லை. உடுப்பி சாம்பாரில் தேங்காயும் வறுத்த மசாலாவும் அரைத்து விடுவார்கள். புளிப்பை அடக்க ஒரு துண்டு வெல்லம் சேர்ப்பார்கள். சின்ன வெங்காயமும் புளியும் தூக்கலாக உள்ள சாம்பாரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது பாயசத்துக்குத் தம்பியாகத் தோன்றியது. 'நம் ஊர் ஓட்டல் சாம்பார் வருமா?' என்கிற பெருமூச்சு அன்று தொடங்கியது. இன்றும் ஓயவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 'நம் ஊர் ஓட்டல்' என்று தமிழர்கள் சொல்லிக் கொள்கிற பெயர்களில் பலவற்றை வளர்த்தவர்களும் இதே கன்னடக் கரையோரத்துக்காரர்கள்தான். சிறு வயதில் சென்னைக்கு வந்து சமையலறை எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் கே. கிருஷ்ணராவ். 1938-இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் மாளிகையை வாடகைக்கு எடுத்து அவர் நடத்திய ஓட்டல்தான் உட்லண்ட்ஸ். அதிலிருந்து கிளைத்த பெயர் சென்னையைத் தாண்டிப் பல ஊர்களுக்குப் போனது. 1962-இல் திறந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-இல் மூடப்பட்டபோது, சொந்த வீடு ஒன்று போனதுபோல் சென்னைவாசிகள் வருந்தினார்கள். அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. உடுப்பிக்காரர் கற்றுக்கொடுத்த ருசியைத் தமிழர் சொந்தமாக்கிக் கொண்டு, உடுப்பிக்காரரிடமே வந்து குறை சொன்ன கதை இது!

சாம்பாரே இல்லாத இடம்

தொட்டுக்கொள்கிற பண்டத்தால் புகழ் பெற முடியும் என்பதற்கு சங்கரபுரத்தில் 1965-இல் தொடங்கிய பிராமின்ஸ் காபி பார் நல்ல சாட்சி. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம் அங்குள்ள பண்டங்களை. சாம்பார் கிடையாது. சட்னி ஒன்றுதான். அந்தச் சட்னிக்காகத் தட்டை ஏந்தி மறுபடியும் மறுபடியும் நிற்கிறார்கள். பசவனகுடி காந்தி பஜாரில் 1943-இல் தொடங்கிய வித்யார்த்தி பவனில், பரிமாறுகிறவர் ஒரே கையில் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருகிற அழகைப் பார்க்கவே ஒரு கூட்டம் உண்டு. லால்பாக் சாலை எம்.டி.ஆரில் தோசையோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் நெய் வருகிறது. அதைத் தோசை மேல் ஊற்றிக்கொள்வதா, கடைசி வாய்க்கு வைத்துக்கொள்வதா என்பது அவரவர் கட்சி.

இப்படிச் சொல்லும்போது பழைய காலம் எல்லாமே இனிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அன்று பல ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து கைதானதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்னி ஒன்றாக இருந்தும் பந்தி இரண்டாக இருந்த காலம் அது. பெங்களூரில் 1983-இல் ஜெயநகரில் தொடங்கி நகரெங்கும் பரவிய 'தர்ஷினி' ஓட்டல்களில் உட்கார நாற்காலி இல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் உயர்ந்த மேஜையைச் சுற்றி ஆட்டோ ஓட்டுநரும் ஆபீசரும் தோளோடு தோள் நின்று சாப்பிடுவதும் அங்கேதான்.

கதவை மூடிய கதை

எம்.டி.ஆரின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உடுப்பிப் பக்கத்து பாரம்பள்ளியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-இல் சிறிய அளவில் தொடங்கிய ஓட்டல் அது. அவர்களில் யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள உணவு விடுதிகளின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பாத்திரங்களை நீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். சாப்பிட வருகிறவர் சமையலறையைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் வைத்தார். இரண்டாவது உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாடு வந்ததும், ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்தது அங்கேதான் என்பது அந்த ஓட்டலின் பெருமை.

1975-இல் நெருக்கடி நிலை வந்தது. ஓட்டல் பண்டங்களுக்கு அரசு விலை நிர்ணயித்தது. அந்த விலைக்கு நெய்யும் தேங்காயும் கட்டுப்படியாகாது. நெய்யைக் குறைக்கலாம், சட்னியில் தண்ணீரைக் கூட்டலாம். ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்? மையா குடும்பத்தினர் அதற்கு மனம் ஒப்பவில்லை. அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதி வைத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். முடிவில் தரத்தைக் குறைப்பதைவிடக் கதவை மூடுவது மேல் என்று ஓட்டலையே மூடினார்கள்.

வேலையாட்களை என்ன செய்வது? அவர்களுக்கு வேலை கொடுக்கவே ரவா இட்லி, தோசைக்கான மாவுக் கலவைகளைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பொட்டல வியாபாரம் நாடெங்கும் பரவி, கடல் கடந்தும் போனது. 2007-இல் நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. ஓட்டல் மறுபடி திறந்து, இன்றும் குடும்பத்தாரிடமே இருக்கிறது. பொட்டலத்தில் ஒரு பெயர், ஓட்டல் வாசலிலும் அதே பெயர். உரிமையாளர்கள் மட்டும் வேறு வேறு.

'பாக்கெட் மசாலா வந்து ஓட்டல் ருசியைக் கெடுத்துவிட்டது' என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ருசியைக் கெடுக்க மறுத்த ஓட்டலிலிருந்தல்லவா அந்தப் பாக்கெட் பிறந்தது!

கிளைகள் பெருகினால்...

இன்று பெங்களூரின் எந்த மூலைக்குப் போனாலும் கிளைகள் கொண்ட ஓட்டல்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து அடையாறு ஆனந்த பவன் வந்து வேரூன்றிவிட்டது. 2021-இல் பெங்களூரிலேயே பிறந்த ஓர் ஓட்டல், அப்துல் கலாமின் ஊர்ப்பெயரைத் தாங்கி ராமேஸ்வரம் கபே என்று நடக்கிறது. பொடியும் நெய்யும் புரண்ட அதன் இட்லிக்கு இளவட்டங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் கர்நாடகத்துக்காரர் சென்னையில் கடை போட்டார். இன்று தமிழ்ப் பெயர்கள் பெங்களூரில் கூட்டம் சேர்க்கின்றன.

கிளை ஓட்டல்களைக் கண்டாலே பழையவர்களுக்குப் பிடிப்பதில்லை. எல்லா ஊரிலும் ஒரே ருசி, அதனால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ருசி என்பது அவர்கள் வாதம். இளைஞர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, சுத்தமான தட்டும் ஏமாற்றாத ருசியும் தெரிந்த பெயருமே பெரிய ஆறுதல் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கிளைகள் என்பதும் புதிதல்ல. காபி போர்டு கைவிட்ட காபி ஹவுஸ்களைத் தொழிலாளர்களே ஏற்று நடத்த, முதல் கூட்டுறவுச் சங்கம் 1957-இல் அமைந்தது இதே பெங்களூரில்தான். மகாத்மா காந்தி சாலையில் இருந்த இந்தியன் காபி ஹவுஸ் 2009-இல் சர்ச் தெருவுக்கு இடம் மாறியபோது, கூடவே நடந்து போன வாடிக்கைக்காரர்கள் அதைக் கிளை என்றா நினைத்தார்கள்?

கிளை அதிகமாகும்போது சோதனை எங்கே வருகிறது என்றால், மறுபடியும் தொட்டுக்கொள்வதில்தான். சாம்பார்ப் பொடியை ஒரே இடத்தில் அரைத்து எல்லாக் கிளைக்கும் அனுப்பலாம். மாவையும் அனுப்பலாம். தேங்காய்ச் சட்னியை மட்டும் அப்படிச் செய்வது கடினம். பச்சைத் தேங்காயில் ஈரமும் எண்ணெயும் இனிப்பும் சேர்ந்து இருப்பதால், அரைத்த சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். காலைக்கு ஒரு தடவை, மாலைக்கு ஒரு தடவை என்று அந்தந்த இடத்தில் அரைத்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், தேங்காய் வேண்டும். 2025-இல் தேங்காய் விலை ஏறியபோது கணக்குப் பார்த்தவர்களின் கை முதலில் போனது சட்னிப் பாத்திரத்துக்குத்தான். வேர்க்கடலை கூடியது, கிண்ணம் சிறிதாகியது. சில இடங்களில் இரண்டாவது கிண்ணத்துக்குப் பில்லும் வருகிறது.

சீசாவில் வந்த சீமாட்டி

பெங்களூரில் 'பேக்கரி அண்டு கான்டிமென்ட்ஸ்' என்ற பலகையைப் பார்க்காமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம் என்று பொருள். இங்கேயோ நிப்பட்டு, கோடுபளே, முறுக்கு எல்லாம் அதில் அடக்கம். காந்தி பஜார்ப் பக்கம் உள்ள இத்தகைய கடைகளில் சட்னிப் பொடி பிளாஸ்டிக் பையில் தொங்கும். உளுந்தும் கடலைப்பருப்பும் மிளகாயும் சேர்ந்த தமிழர் வீட்டு இட்லிப் பொடியோடு, கொப்பரையும் புளியும் வெல்லமும் சேர்ந்த கன்னடத்துப் பொடி, வட கர்நாடகத்தின் வேர்க்கடலைப் பொடி, ஆளி விதைப் பொடி எல்லாம் உறவு கொண்டாடும்.

இதே பொடி இப்போது கண்ணாடிச் சீசாவில் ஏறி, தங்க எழுத்தில் பெயர் சூட்டிக்கொண்டு, பெரிய கடைகளின் அலமாரியில் சீமாட்டிபோல் உட்கார்ந்திருக்கிறது. 'கன்பவுடர்' என்ற இங்கிலீஷ் பெயரை வைத்துவிட்டால் மிளகாய்ப் பொடிக்கு விலை பல மடங்கு. பூண்டுத் தொக்கு, கோங்குராத் தொக்கு, மிளகாய் எண்ணெய் என்று அக்கம்பக்கத்திலும் ஆடம்பரச் சீசாக்கள்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. பொடியும் ஊறுகாயும் சீசாவுக்கென்றே பிறந்தவை. வறுத்து ஈரத்தைப் போக்குவதும், உப்பிலும் எண்ணெயிலும் ஊற வைப்பதும் பல மாதம் கெடாமல் இருப்பதற்காகப் பாட்டிமார் கண்ட வழிகள். உரல் இல்லாத, வறுக்க நேரமில்லாத வீட்டில் ஒரு நல்ல சீசா பெரிய உதவி. வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பின்பக்கச் சீட்டைப் பார்த்தால் போதும். பருப்பும் மிளகாயும் பெருங்காயமும் முதலில் வந்தால் அது பொடி. உப்பும் சர்க்கரையும் முந்திக்கொண்டால், விலை சீசாவுக்கும் தங்க எழுத்துக்கும்தான்.

எதைக் கேட்க வேண்டும்?

பழைய ஓட்டல் திரும்பி வராது. பழைய விலையும் வராது. சப்ளையர் சம்பளம், தேங்காய் விலை, கடை வாடகை எல்லாம் ஏறியிருக்கும்போது 'அந்தக் காலத்தில்' என்று பேசிக்கொண்டிருந்தால் ஓட்டல்காரர் சிரிப்பார். விலையை உயர்த்தட்டும், அதை வெளிப்படையாகப் பலகையில் எழுதட்டும். நியாயமான விலையை வாடிக்கைக்காரர் கொடுக்கவே செய்வார். ஆனால் சட்னியைத் தண்ணீராக்கி, கிண்ணத்தைச் சுருக்கி மறைமுகமாக விலையேற்றுவது வேறு. அதைச் செய்ய மனமில்லாமல் கதவையே மூடிய ஓட்டல் இந்த ஊரில் இருந்திருக்கிறது.

இரண்டு இட்லியோடு பசியாறிப் போகிறவர்கள் இன்றும் பெங்களூரில் ஏராளம். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், காவல்காரர்கள். 1960-இல் ஆலை வேலைக்கு வந்த இளைஞனுக்குச் சட்னி வாளி என்னவாக இருந்ததோ, இவர்களுக்கும் அதுவாகவே இருக்கிறது. அவர்களுக்கு அது ருசிப் பிரச்சினை அல்ல, வயிற்றுப் பிரச்சினை.

ஆகவே அடுத்த தடவை புதிய ஓட்டலுக்குப் போகிறவர்கள், விளக்கு அலங்காரத்தையும் கிளைகளின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, முதலில் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். அதில் தேங்காய் இருந்தால், இரண்டாவது கரண்டி கேட்டபோது சிரித்த முகத்தோடு கிடைத்தால், அது நல்ல ஓட்டல். சாம்பாரில் கொஞ்சம் வெல்லம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்!