எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்தன்று

‘சோகை’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் தாய்மார்களின் கை முருங்கைக்கீரையை நாடும். வசதியுள்ளோர் மருந்துக்கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்குவர். பெரும்பாலான சோகைக்கு இது தக்க வழியே. ஆனால் கதிர் அரிவாள் இரத்தசோகை என்னும் நோய்க்கு இது பொருந்தாது. பெயரிலுள்ள ‘சோகை’ பலரையும் ஏமாற்றிவிடுகிறது.

கலசப்பாக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். 1952ஆம் ஆண்டு லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர், நீலகிரியில் வாழும் பழங்குடியினர் இரத்தத்தில் இந்நோய்க்கூறு இருப்பதை வெளியிட்டனர். இந்தியாவில் இதுபற்றி வந்த முதல் அறிக்கைகளுள் அதுவும் ஒன்று. கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனை இந்நோயாளருக்குத் தொடர்ந்து சிகிச்சை அளித்து வருகிறது. மலைவாழ் மக்களின் பிள்ளைகள் இன்று சமவெளிப் பள்ளி விடுதிகளிலும் தங்கிப் படிக்கின்றனர். ஆகவே ஆசிரியரும் அருட்சகோதரிகளும் விடுதிக் காப்பாளரும் இதை அறிந்திருத்தல் நலம்.

பட்டுத்தறியில் பாவின் ஓரிழை மாறினால் சேலை நெடுகக் கோடு விழுவதை நம் நெசவாளர் அறிவர். இந்நோயும் அத்தகையதே. மரபுக்கூறில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றத்தால், உயிர்வளி குறையும்போதும் உடலில் நீர் வற்றும்போதும் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. அப்போது எழும் வலி சொல்லுந்தரமன்று. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இவ்வணுவோ 10 முதல் 20 நாளில் சிதைந்துவிடும். சிதைந்த அணுவின் இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்கிவிடுகிறது. இரத்தம் ஏற்றுந்தோறும் மேலும் இரும்பு சேர்ந்து, நாளடைவில் கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது. எனவே, இரும்பு குறைவென்று சோதனையில் தெரிந்தாலன்றி இவர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தல் ஆகாது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே தரவேண்டும். முருங்கைக்கீரையை விலக்கவேண்டுவதில்லை, அது உணவு.

புதிய அணுக்களை ஓயாது உண்டாக்கும் உடலுக்கு ஃபோலிக் அமிலம் மிகுதியாக வேண்டும். மருத்துவர் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் அதுவே. வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவையும் இவர்களிடம் குறைந்து காணப்படுவதுண்டு. குளூட்டமின் என்னும் தூளுக்கு 2017இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. இவற்றுள் எதுவும் ஹைட்ராக்சியூரியா மருந்துக்கு ஈடாகாது. சத்துமாவு விற்பவர் சொல் கேட்டு அம்மருந்தை நிறுத்திய வீட்டில் துன்பமே மிஞ்சும்.

இனி, உடற்பயிற்சி. ‘நோயாளிப் பிள்ளை, ஆடாதே’ என்று மூலையில் உட்கார வைப்பதும் தவறு; ஓட்டப்பந்தயத்தில் பின்தங்கினால் சோம்பேறி என ஏசுவது அதனினும் தவறு. மருத்துவர் இசைவுடன் நடத்தல், மெதுவாக மிதிவண்டி ஓட்டல், வலுவுக்கேற்ற விளையாட்டு ஆகியவை நன்மையே தரும். மூச்சு வாங்கும் முன்பே அமரவேண்டும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கவேண்டும். உச்சி வெயிலும் குளிர்ந்த நீரில் குளித்தலும் ஆகா. காய்ச்சலோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால், கஷாயம் வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

பக்தி முயற்சிகள் பற்றியும் ஒரு சொல். ஆகஸ்டு இறுதியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துசெல்லும் குழுவில் இந்நோயுள்ள இளைஞர் ஒருவர் சேர விரும்பினால், அவரைப் பேருந்தில் அனுப்பி வையுங்கள். அன்னை அங்கே அவரையும் வரவேற்பாள். தவக்காலத்தில் தண்ணீரும் அருந்தாமல் ஒருசந்தி இருக்க அவர் முனைந்தால் தடுத்துவிடுங்கள். நோயாளரைத் திருச்சபை நோன்புக் கடமைக்கு உட்படுத்துவதில்லை. வேண்டுமானால் பங்குக் குருவிடம் கேட்கச் சொல்லுங்கள். அவரும் இதையே சொல்வார்.