வாசகர் பணத்தில் ஒரு கார்ட்டூன் படம்

இன்டர்நெட்டில் மட்டும் வெளியாகும் சித்திரக் கதைகளை வெப்காமிக்ஸ் என்கிறோம். இதற்குப் பதிப்பாளர் தேவையில்லை, அச்சகம் தேவையில்லை. வரையத் தெரிந்த ஒருவர், ஒரு கம்ப்யூட்டர், ஓர் இன்டர்நெட் இணைப்பு, இவை இருந்தால் போதும். வாரம் ஒரு பக்கம் வரைந்து ஏற்றிவிடலாம். ஆனால் அதே பாத்திரங்களை நடக்க வைத்து, பேச வைத்து, கார்ட்டூன் படமாக்க வேண்டும் என்றால் பணம் குறுக்கே வந்து நிற்கும். டிவி சேனலோ ஸ்டூடியோவோ கை கொடுக்காத நிலையில், வாசகர்களே பணம் போட்டு எடுக்க வைத்த படங்கள் உண்டு. அது எப்படி நடக்கிறது, நம்மூரில் ஒருவர் முயன்றால் என்ன கணக்குப் போட வேண்டும் என்று இங்கே பார்ப்போம்.

நான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. மந்தைவெளியில் இருக்கும் என் பெரியம்மா மகள் நான்கு ஆண்டுகளாக மயிலாப்பூரைக் களமாக வைத்து ஒரு வெப்காமிக்ஸ் வரைந்து வருகிறாள். அதைப் பத்து நிமிட கார்ட்டூனாக எடுக்க ஆசை. வளையலை அடகு வைக்கலாமா, வாசகர்களிடம் கேட்கலாமா என்று அக்கா என்னிடம் யோசனை கேட்டாள். சாப்ட்வேர் வேலையில் இருப்பவனிடம் கேட்டால் பதில் கணக்காகத்தானே வரும்!

பைலட் என்றால் என்ன?

ஒரு தொடர் முழுவதையும் எடுப்பதற்கு முன், அது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக எடுக்கப்படும் முதல் மாதிரிப் படத்துக்குப் பைலட் என்று பெயர். டிவி உலகில் இதைச் சேனல் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டுவார்கள். கிரவுட் பண்டிங் முறையில் அந்த அதிகாரியின் இடத்தில் வாசகர்கள் இருக்கிறார்கள். பலரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு படைப்பை உருவாக்க வைப்பதுதான் கிரவுட் பண்டிங்.

பெயர்தான் புதிது. 1976ல் வெளியான ஷியாம் பெனகலின் மந்தன் படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 2013ல் பவன் குமார் இயக்கிய லூசியா என்ற கன்னடப் படத்துக்கு இன்டர்நெட் வழியாகச் சுமார் 50 லட்சம் ரூபாய் திரண்டது. அந்தக் கதைதான் 2015ல் தமிழில் எனக்குள் ஒருவன் என்று வந்தது. சிவகாசியின் லயன், முத்து காமிக்ஸ் இதழ்களுக்கு முன்கூட்டியே சந்தா கட்டும் வாசகர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்.

லக்கடெய்ஸி காட்டிய வழி

வெப்காமிக்ஸ் ஒன்று வாசகர் பணத்தில் பைலட் ஆனதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் லக்கடெய்ஸி. 1927ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரம், மதுவிலக்குக் காலம், கள்ளத்தனமாக நடக்கும் மதுக்கூடம். பாத்திரங்கள் எல்லாம் பூனைகள்! ட்ரேசி பட்லர் என்ற ஓவியர் 2006ல் இதை வரையத் தொடங்கினார். 2011ல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது.

2020ல் கிக்ஸ்டார்ட்டர் வெப்சைட்டில் பைலட்டுக்காகப் பணம் கேட்டார்கள். 3,30,000 டாலர் திரண்டது. அன்றைய மதிப்பில் சுமார் இரண்டரைக் கோடி ரூபாய். பேபிள் சீகல் இயக்கிய அந்தப் படம், சுமார் 27 நிமிடம், 2023 மார்ச் 29 அன்று யூடியூபில் இலவசமாக வெளியானது. அதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அதே ஆண்டு முழு சீசனுக்காக பேக்கர்கிட் தளத்தில் 10 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத எண் ஒன்று உண்டு. அது 14. கதையைத் தொடங்கி 14 ஆண்டுகள் கழித்துத்தான் படத்துக்குப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பூனைகளை ஏற்கெனவே அறிந்தவர்கள். அதே போல் பணம் வந்த பின் படம் வர மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தக் காத்திருப்பையும் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

கட்டத்துக்கும் காட்சிக்கும் உள்ள தூரம்

ஏன் இவ்வளவு பணம், இவ்வளவு காலம்? சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440. கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்குக் காட்டுவார்கள். அப்படியும் நிமிடத்துக்கு 720 ஓவியங்கள். அக்கா ஒரு நாளில் 20 ஓவியங்களை வண்ணம் உட்பட முடிப்பாள். ஆக, ஒரு நிமிடத்துக்கு 36 நாள்; பத்து நிமிடத்துக்கு 360 நாள். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

எந்தக் காட்சியைத் தேர்வு செய்கிறோம் என்பதும் முக்கியம். கபாலீசுவரர் கோவிலின் அறுபத்துமூவர் ஊர்வலத்தை ஒரே கட்டத்தில் வரைந்துவிடலாம். அதை அசைய வைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பல்லக்கும், அதைத் தூக்குபவரின் காலும், சுற்றி நிற்கும் கூட்டமும் தனித்தனி வேலை. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும் இதே கதிதான். மாறாக, அடையாறு உடைந்த பாலத்தில் மாலை நேரத்தில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணிக்கு ஒரே ஓவியம். வாய்க்கு ஏழெட்டு வடிவங்களை வரைந்து வைத்து மாற்றி மாற்றிப் பொருத்தலாம். இப்படித் திட்டமிட்டால் நிமிடத்துக்கு 250 ஓவியங்களில் முடிக்கலாம்.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்

பலரும் படத்தின் நீளத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு ஆகும் பணத்தைத் தேடுகிறார்கள். வாசகர் எண்ணிக்கையில் தொடங்கி நீளத்துக்கு வருவதே பாதுகாப்பு. எங்கள் கணக்கு இது:

1. தவறாமல் படிக்கும் வாசகர்கள்: 3,000. லைக் போட்டுவிட்டுப் போகிறவர்களை இதில் சேர்க்கவில்லை.

2. நூற்றுக்கு 3 பேர் தலா 500 ரூபாய் தருவதாக வைத்தால், 90 பேர், 45,000 ரூபாய்.

3. பேமென்ட் கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 900 ரூபாய். பணம் தந்தவர்களுக்கு அனுப்பும் அச்சுப் படமும் கூரியரும் தலா 100 வீதம் 9,000 ரூபாய்.

4. குரல் பதிவுக்கும் இசைக்கும் 15,000 ரூபாய். மீதி 20,100 ரூபாய்.

5. கோட்டைச் சீராக்கி வண்ணம் தீட்ட அனிமேஷன் படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஓவியத்துக்கு 50 ரூபாய். நிமிடத்துக்கு 250 ஓவியம் என்றால் 12,500 ரூபாய்.

விடை: ஒன்றரை நிமிடம்! அதற்கு 18,750 போக 1,350 ரூபாய் அவசரத்துக்கு மிஞ்சும். பத்து நிமிடம் என்றால் ஓவியக் கூலி மட்டுமே 1,25,000 ரூபாய். அக்காவின் வளையல் பீரோவிலேயே இருக்கிறது. பைலட் 90 விநாடி என்று முடிவானது.

பணம் வாங்கும் முன்

கிக்ஸ்டார்ட்டரில் குறித்த இலக்கை எட்டினால் மட்டுமே பணம் கைக்கு வரும். எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. எட்டினால் தளத்துக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் பேமென்ட் கட்டணமும் போகும். ஆனால் இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே திட்டம் தொடங்க முடியாது. அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்குள்ள மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்களே அதிகம். எனவே நம்மவர்களுக்கு ஏற்றது முன்பதிவு முறை. காமிக்ஸ் புத்தகத்தையோ ஓவியத்தையோ முன்கூட்டியே விற்று, அந்த லாபத்தைப் படத்தில் போடலாம். மாதம்தோறும் சிறு தொகை பெற பேட்ரியான் தளம் உண்டு.

சட்டத்திலும் கவனம் தேவை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத் தொகையும் வருமான வரிக் கணக்கில் சேரும். பொருள் கொடுத்து வாங்கினால் அது வியாபார வருமானம். படத்தின் லாபத்தில் பங்கு தருகிறேன் என்று மட்டும் பொதுமக்களிடம் சொல்லாதீர்கள். அது செபியின் விதிகளுக்குள் போய்விடும். பெரிய தொகை என்றால் ஆடிட்டரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

இசை இன்னொரு பொறி. நைனா பேலி என்ற காமிக்ஸ் ஓவியர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தனியாளாக உருவாக்கிய சீதா சிங்ஸ் த புளூஸ் படம் 2008ல் திரையிடப்பட்டது. அதில் வரும் 1920களின் பழைய பாடல்களுக்கான உரிமைக்காக அவர் 50,000 டாலர் செலவழிக்க நேர்ந்தது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிடும் எண்ணம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

வேண்டிய சாப்ட்வேர்கள்

இவை அனைத்தும் இலவசம். ஓவியத்துக்கும் எளிய அனிமேஷனுக்கும் கிரிட்டா. முழு அனிமேஷனுக்கு ஓபன்டூன்ஸ். ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி பயன்படுத்திய டூன்ஸ் சாப்ட்வேரிலிருந்து 2016ல் இலவசமாக வெளியிடப்பட்டது இது. பிளெண்டரில் உள்ள கிரீஸ் பென்சில் வசதியிலும் 2டி வரையலாம். குரல் பதிவுக்கு ஆடாசிட்டி. வரைவதற்கான கிராபிக்ஸ் டேப்லெட்டை ரிச்சி தெருவில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

எதைத் தொடங்கினாலும் முதலில் அனிமேட்டிக் செய்துவிடுங்கள். காமிக்ஸ் கட்டங்களை அப்படியே வரிசையாக அடுக்கி, வசனத்தை மொபைலில் பதிந்து, நேரம் பார்த்துப் பொருத்துவதுதான் அனிமேட்டிக். ஒரு வார வேலை, செலவு கிடையாது. கதை இழுக்கிறதா, வசனம் எடுபடுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அதை வாசகர்களுக்குக் காட்டிய பிறகே பணம் கேளுங்கள். எத்தனை நாளில் தருவோம் என்று நினைக்கிறீர்களோ, அதைப் போல இரண்டு மடங்கு சொல்லுங்கள். தாமதமானால் மாதம் ஒரு முறையாவது வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். 500 ரூபாய் கொடுத்தவர் படத்துக்காகக் காத்திருப்பார்; பதிலே வராவிட்டால் அடுத்த முறை கொடுக்க மாட்டார்.

உங்கள் வெப்காமிக்ஸுக்கு இப்போது நூறு வாசகர்கள்தான் என்றால் கவலை வேண்டாம். அடுத்த பக்கத்தை வரையுங்கள். பைலட்டுக்கான முதல் வேலை அதுதான்.