ஆறாத புண்ணுக்கு ஒரு 'சாரம்': பன்றியின் பித்தப்பை தோலை வளர்க்க உதவுவது எப்படி?

"கால்ல சின்னதா ஒரு புண்ணு, மூணு மாசமா ஆறவே மாட்டேங்குது." சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அசால்ட்டா விட்டால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைமைகூட வரலாம்.

தோல் காயங்களை விரைவாக ஆற்ற, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 'கோலிடெர்ம்' என்ற மெல்லிய படலத்தை உருவாக்கியது. பன்றியின் பித்தப்பையில் இருந்து செய்யப்படும் இதற்கு, 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது.

புண் ஏன் ஆறுவதில்லை?

சின்ன சிராய்ப்பை உடம்பே சரிசெய்துகொள்ளும். பெரிய தீக்காயத்தில் தோலின் உள்அடுக்கே போய்விடுகிறது. சர்க்கரைப் புண்ணில் ரத்த ஓட்டம் குறைவு, கிருமித் தொற்று, மரத்துப்போன நரம்பு என எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. புதிய செல்கள் வந்து ஒட்டிக்கொள்ள அங்கே பிடிமானம் இல்லை.

சாரம் என்ன செய்யும்?

கட்டடத்துக்கு சாரம் கட்டுவோம் இல்லையா, அதே வேலைதான். புண் மேல் படலத்தை வைத்ததும், ஓரத்தில் இருக்கும் நல்ல செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகரும். ரத்தக் குழாய்களும் வளரும். வேலை முடிந்ததும் கட்டடச் சாரத்தை நாம் பிரிக்க வேண்டும். இதை உடம்பே மெல்ல மெல்ல கரைத்துக்கொள்ளும்.

பன்றி உறுப்பை உடம்பு ஏற்குமா?

பித்தப்பையில் உள்ள செல்கள் எல்லாம் முதலில் நீக்கப்படுகின்றன. எதிர்ப்பு சக்தி 'இது வேற ஆளு' என்று தாக்குவது பெரும்பாலும் அந்தச் செல்களைத்தான். மிஞ்சுவது கொலாஜன் போன்ற புரதங்களால் ஆன வலை. எலி, முயல், நாய்களில் நடந்த சோதனைகளில், காயங்கள் குறைந்த தழும்புடன் வேகமாக ஆறின.

இது புதுசா?

யோசனை பழசு. மாட்டுக் கொலாஜனும் சுறாவின் குருத்தெலும்புப் பொருளும் சேர்ந்த 'இன்டெக்ரா'வுக்கு அமெரிக்கா 1996-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் வெளிநாட்டுத் தயாரிப்புகளின் விலை அதிகம். கோலிடெர்ம் வந்தால் சிகிச்சைச் செலவு 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறையலாம் என்று ஒப்புதலின்போது சொல்லப்பட்டது.

எதைக் கவனிக்கணும்?

படலம் வைத்தால் மட்டும் போதாது. அழுகிய சதையை நீக்கி, தொற்றைக் கட்டுப்படுத்திய பிறகே இதை வைப்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, புண் உள்ள காலை ஊன்றியே நடந்தாலோ பலன் கிடைக்காது. எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று மருத்துவரிடம் கேளுங்க. மத நம்பிக்கை, ஒவ்வாமை காரணமாக வேண்டாம் என்றால் மாற்று வழிகள் உண்டு.

முக்கியமா, சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பாருங்க. வலி இல்லை என்பதற்காகப் புண் இல்லை என்று அர்த்தமில்லை.