சமையலறையில் ஒரு வர்ணப் பெட்டி

ஆவணி பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகளும் பிறந்துவிடுகின்றன. ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகைகள் வந்து சேரும் வீட்டில், ஓரத்தில் மஞ்சள் தடவிய அந்த உறைகளைக் கண்டதும் குடும்பத் தலைவருக்கு உண்டாகும் சந்தோஷத்தை முழுச் சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. "போகாமல் இருக்க முடியாது, வெறுங்கையோடும் போக முடியாது" என்று அவர் பெருமூச்சு விடுகிறார்.

எங்கள் குடும்பத்தில் ஓர் அத்தை இருந்தாள். சொற்பப் பென்ஷனில் காலம் தள்ளியவள். தம்பி பெண்ணின் கல்யாணம் நிச்சயமானதும், வெள்ளிக் கடையில் விலை விசாரித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவள், வெகு நேரம் பேசவில்லை. "உடம்பு சரியில்லை என்று ஒரு கார்டு போட்டுவிடுகிறேன்" என்றாள் கடைசியில். தான் தூக்கி வளர்த்த குழந்தையின் கல்யாணத்துக்கு அவள் போகாமல் இருக்கத் தீர்மானித்தது எங்களுக்கெல்லாம் மிகவும் வருத்தமாயிருந்தது.

மறுநாள் பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு பழைய பலா மரத்து மணைகள் அகப்பட்டன. அத்தை அவற்றை உற்றுப் பார்த்தாள். "கார்டு போட வேண்டாம்" என்றாள்.

அந்த மணைகளில் அவள் போட்ட கோலத்தைப் பற்றிச் சொல்லுமுன், வர்ணங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வர்ணம் என்றால் அழகான டப்பாக்களில் அடைத்து, அழகான விலை போட்டு விற்கப்படுவது என்றே நம்மில் அநேகர் நினைக்கிறோம். டப்பாவுக்குள் இருப்பது இரண்டே சமாசாரங்கள்தான்: நிறம் கொடுக்கும் பொடி ஒன்று, அந்தப் பொடியைப் பிடித்து வைக்கும் பசை மற்றொன்று. இவ்விரண்டில் பெரும் பகுதி நம் வீட்டிலோ, தெருக்கோடி நாட்டு மருந்துக் கடையிலோ கிடைக்கக் கூடியவை.

சிவப்புக்குக் காவி. மஞ்சளுக்கு மஞ்சட் காவி. இரண்டும் இரும்புச் சத்து ஏறிய மண் ஆகையால் வெயிலில் வெளுப்பதில்லை. நீலத்துக்கு அவுரி நீலம். கறுப்புக்கு விளக்குப் புகை: கண்மை கூட்டுவது போலவே, ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் இரவுக்குள் வேண்டிய கறுப்புச் சேர்ந்துவிடும். பசைக்கு வேலம்பிசினை நீரில் ஊறவைத்து வடிகட்டிக் கொள்ளலாம். அத்தை உபயோகித்தது புளியங்கொட்டை. அதை வறுத்து, ஊறவைத்து, தோலை நீக்கி, காயவைத்து இடித்துப் பொடியாக்க வேண்டும். ஒரு கரண்டிப் பொடியைப் பத்துக் கரண்டிப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு இளந்தீயில் கிளறினால் கஞ்சிப் பதத்தில் பசை கிடைக்கும். இது இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வேண்டியபோது வேண்டிய அளவு காய்ச்சிக்கொள்வதே சிலாக்கியம்.

இதெல்லாம் ஏழை வீட்டுச் சமாளிப்பு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 1938-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், குஜராத்திலுள்ள ஹரிபுரா என்ற கிராமத்தில் சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. கிராமத்தில் கூடும் காங்கிரஸைக் கிராமத்துப் பொருள்களைக் கொண்டே அலங்கரிக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். சாந்திநிகேதனத்திலிருந்து வந்த நந்தலால் போஸ், சகாக்களுடன் சேர்ந்து ஏறக்குறைய 400 படங்களைத் தீட்டினார். கைக் காகிதமும் மண் வர்ணங்களுமே அவருடைய சாமான்கள். தையற்காரர், தச்சர், மேளக்காரர், மாடு ஓட்டுகிறவர் ஆகியோரே அவற்றில் இடம் பெற்ற கதாநாயகர்கள். பந்தலிலும் வாயில்களிலும் அந்தப் படங்கள் தொங்கின. அங்கே வந்த கிராமத்து ஜனங்கள் தங்களையே பார்த்துக்கொண்டார்கள்.

வங்காளத்தில் ஜாமினி ராய் என்ற மற்றொரு மேதையும் இதே வழிக்கு வந்தவர். கல்கத்தாவின் அரசாங்கச் சித்திரக் கலாசாலையில் ஐரோப்பிய முறையைக் கற்றுத் தேர்ந்த பிறகு, அந்த எண்ணெய் வர்ணங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மண்ணையும் விளக்குக் கரியையும் புளியங்கொட்டைப் பசையையும் கையில் எடுத்தார். எங்கள் அத்தைக்கு ஜாமினி ராயின் பெயர் கூடத் தெரியாது. இருவரும் ஒரே பசையைக் காய்ச்சினார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சரி, மணைக்கு வருவோம். அத்தை முதலில் உப்புத்தாள் கொண்டு மணைகளை வழவழப்பாகத் தேய்த்தாள். காவியைப் பசையில் குழைத்து இரண்டு தடவை பூசி உலர்த்தினாள். அதன்மேல் புள்ளி வைத்து, நடுவில் தாமரையும் சுற்றிலும் கொடியுமாக வெள்ளையில் இழுத்தாள். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. "யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும்" என்றாள். அப்போது சிறுவனாயிருந்த நான் சலவை வேஷ்டியோடு சம்பிரமமாக உட்கார்ந்தேன். எழுந்தபோது தாமரையில் பாதி என் வேஷ்டியில் இருந்தது!

எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. கல்யாணப் பெண் கூறைப் புடவையோடு உட்கார்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாளே பாக்கியிருந்தது.

அடுத்த தெருத் தச்சர்தான் உபாயம் சொன்னார். தண்ணீரில் குழைத்த வர்ணம் தண்ணீருக்கும் வியர்வைக்கும் கரையும். ஆகையால், நன்றாக உலர்ந்த பின் அதன்மேல் அரக்குப் பாலிஷ் பூச வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தச்சர்கள் பூசும் பாலிஷ் அது. ஸ்பிரிட்டில் பசை கரையாதாகையால் கோலம் கலையாது. மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததாக, நான்கு தடவை பூச வேண்டும். அடுப்புப் பக்கத்தில் மட்டும் இந்தக் காரியம் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும்.

இன்னொரு சங்கடமும் ஏற்பட்டது. சீமைச் சுண்ணாம்பில் போட்ட வெள்ளைக் கோலம் பாலிஷ் பட்டதும் மங்கிப் போயிற்று. வெள்ளைக்கு மட்டும் துத்தநாக வெள்ளைப் பொடியைக் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. இந்த இடத்தில் வீட்டுச் சாமான் என்ற பிடிவாதம் உதவாது. அத்தை மணைகளை மறுபடி தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மாள் மணைகளைத் தடவிப் பார்த்து, "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டுச் சமையலறையில்" என்றாள் அத்தை.

மணை அகப்படாதவர்கள் முறத்தையும் கூடையையும் எடுத்துக் கொள்ளலாம். ஓட்டை விழுந்த மூங்கில் கூடைக்குக் காகிதக் கூழ் பூசிப் புது ஜன்மம் கொடுப்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வித்தை. பழைய பத்திரிகைகளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். (இந்தப் பத்திரிகையைக் கிழிக்கச் சொல்ல ஆசிரியர் அனுமதிக்கமாட்டார், வேறு ஏதாவது கிழியுங்கள்.) இரவே ஊறப்போட்ட இரண்டு கைப்பிடி வெந்தயத்தோடு சேர்த்து அதை வெண்ணெய் போல அரைக்க வேண்டும். வெந்தயம் பசையாகவும் உதவும். அதன் கசப்பு பூச்சியையும் விலக்கும். கூடையின் உள்ளும் புறமும் விரல் கனத்துக்குக் குறைவாகப் பூசி நிழலில் காயவைத்து, காய்ந்த பின் வர்ணம் தீட்டினால் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க அதைவிட லட்சணமான பாத்திரம் இல்லை.

சுவருக்கு வருகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. சுண்ணாம்புக்குப் பசை அவசியமில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அதுவே கல்லாக இறுகி, தன்னோடு கலந்த காவியையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் மஞ்சள் நிறம் வேண்டுமென்று சமையல் மஞ்சளைச் சுண்ணாம்பில் கொட்டிவிடாதீர்கள். ஆரத்தி கரைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடம் முழுவதும் சிவந்து நிற்கும்! மஞ்சட் காவியே சுண்ணாம்புக்கு ஏற்றது. சுண்ணாம்பைத் தாளிக்கும்போது குழந்தைகளை அருகில் விட வேண்டாம். கண்ணில் தெறித்தால் பெரிய ஆபத்து.

பழைய சாமான்களைப் புதுப்பிக்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். முன் காலத்து எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. நம் தேசத்தில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017-ஆம் வருஷம் நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகவே தாத்தா காலத்துப் பச்சை வர்ணம் உரிந்த நாற்காலியை வீட்டுக்குள் வைத்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தத் தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கக் கூடியது.

அத்தையின் மணைகள் இன்னும் அந்த வீட்டில் இருக்கின்றன. அவளுடைய தம்பி பெண் தன் பேத்தியின் தொட்டிலுக்கும் அதே போலக் கோலம் போட வேண்டும் என்று போன மாதம் எனக்கு எழுதியிருந்தாள். தொட்டிலுக்கு மட்டும் வர்ணமே வேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும் என்று பதில் எழுதினேன். பல் முளைக்கிற குழந்தை எதையும் கடித்துப் பார்க்கும்.